கொறங்காட்டில் மேயும் மாடுகளுக்குத் தட்டும் வைக்கோலும் எப்படிப் போடுவது?

மூலனூர் விவசாயி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். தாராபுரம் வட்டம் மூலனூர்ப் பக்கத்தில் எங்களுக்கு எட்டு ஏக்கர் கொறங்காடு, அதாவது வேலியிட்ட மேய்ச்சல் நிலம், இருக்கிறது. கிளுவை வேலி போட்டு மூன்று தடுப்புகளாகப் பிரித்து, மாற்றி மாற்றி மேய்த்து வருகிறோம். காங்கேயம் பசுக்கள் ஏழு, கிடாரிகள் இரண்டு, ஒரு காளை ஆக மொத்தம் பத்து உருப்படிகள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வளரும் கொழுக்கட்டைப் புல் மாசி வரைக்கும் தாங்கும். பங்குனியிலிருந்து புல்லின் தூர் மட்டுமே நிற்பதால், சோளத்தட்டும் (காய்ந்த சோளத் தண்டும் இலையும்), டெல்டாவிலிருந்து லாரியில் வரும் வைக்கோல் உருளைக் கட்டுகளும் வாங்கித்தான் அடுத்த மழை வரை ஓட்ட வேண்டியிருக்கிறது.

இதுவரை வேலி வாசலில் உள்ள படலுக்கு அருகில் உள்ள வெள்வேல மரத்தடியில்தான் தீவனத்தைப் போட்டு வருகிறோம். தூக்கிச் சுமக்கும் தூரம் குறைவு என்பதைத் தவிர அந்த இடத்திற்கு வேறு சிறப்பு எதுவும் இல்லை. மரத்தைச் சுற்றிக் கால் காணி அளவுக்குப் புல்லே இல்லாமல் தரை கட்டாந்தரையாகிவிட்டது. தட்டில் இலையைத் தின்றுவிட்டுத் தண்டை மாடுகள் மிதித்துப் போடுகின்றன. மூத்த பசு ஒன்று கிடாரிகளை அண்டவே விடுவதில்லை. கட்டுத்தரைக்கே ஓட்டி வந்து காடியில் போடலாம் என்று அப்பா சொல்கிறார். இரும்பு வளையத் தீவனத் தொட்டி ஒன்றை வாங்கிக் காட்டிலேயே வைத்துவிட்டால் நான்கு நாளைக்கு ஒருமுறை நிரப்பினால் போதும் என்று தெரிந்த வியாபாரி ஒருவர் சொல்கிறார். தரையில் பரப்பிப் போடுவதே நல்லது என்றும் சிலர் சொல்கிறார்கள். கொறங்காட்டிலேயே வைத்துப் போடுவதானால் எந்த முறை சரியாக வரும் என்று அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

கன்னிவாடி மாட்டுக்காரர்

தம்பி, உங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்தான் நானும். பல ஆண்டுகளாகக் கொறங்காட்டில் வைத்துத்தான் தட்டுப் போட்டு வருகிறேன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எதில் போடுவது என்பதை விட எந்த நேரத்தில் போடுவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். காலையில் படலைத் திறந்ததும் தட்டைப் போட்டுப் பழக்கிவிட்டால், மாடுகள் மேய்ச்சலை மறந்து படலடியிலேயே நிற்கத் தொடங்கிவிடும். காட்டில் காய்ந்த புல்லும், உதிர்ந்த வேலங்காயும் கிடக்கும்போதே அவை வண்டிச் சத்தத்திற்குக் காது கொடுத்துக் காத்திருக்கும். காலைக் குளிரில் மேயவிட்டு, வெயிலில் நிழலுக்கு ஒதுங்கியவற்றைத் தண்ணீர் காட்டி, மாலை நான்கு மணிக்கு மேல் தட்டைப் போட்டால், காட்டில் உள்ளதையும் தின்னும், போடுவதையும் மிச்சம் வைக்காமல் தின்னும்.

நான் சித்திரை, வைகாசி வரைக்கும் தரையில்தான் போடுகிறேன். ஒரே குவியலாகப் போடாமல், ஒரு மாட்டுக்கு ஒன்று வீதமும் அதற்கு மேல் இரண்டும் சேர்த்துச் சிறு சிறு குவியல்களாக, குவியலுக்குக் குவியல் பத்துப் பன்னிரண்டு அடி இடைவெளி விட்டு வரிசையாகப் போட்டுவிடுவேன். முட்டும் மாடு ஒரு குவியலிலிருந்து இன்னொன்றைத் துரத்தினாலும், துரத்தப்பட்டது நின்று தின்ன வேறொரு குவியல் இருக்கும். ஒரு நாளைக்குத் தேவையானதை மட்டும் போடுவதும், அடுத்த நாள் வரிசையைப் பத்தடி தள்ளிப் போடுவதும் கட்டாயம். நேற்றைய இடத்திலேயே இன்றும் போட்டால், சாணமும் மூத்திரமும் பட்ட இடத்தில் விழுந்த தட்டை மாடு முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போகும்.

ஆனி, ஆடியில் இந்த முறை உதவாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று நம் பக்கத்தில் எப்படி வீசும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த இரண்டு மாதமும் வைக்கோலைத் தரையில் பரப்பினால் பாதி வைக்கோல் கிழக்கு வேலியில் போய்த்தான் சிக்கிக் கிடக்கும். அப்போது மேற்கு வேலியின் உட்புறம், கிளுவை நல்ல அடர்த்தியாக இருக்கும் இடமாகப் பார்த்து, வேலியை ஒட்டினாற்போல வரிசையைப் போடுங்கள். தட்டாக இருந்தால் தாங்கும். வைக்கோலாக இருந்தால் அங்கேயும் ஏதாவது ஒரு தடுப்புக்குள் போடுவதுதான் நல்லது.

கட்டுத்தரைக்கு ஓட்டி வருவது பற்றி அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கறவை மாட்டுக்கும், கன்று ஈனும் நாள் நெருங்கிய மாட்டுக்கும் காடியில் தனியாகப் போடுவதைப் போல வராது. மற்றவற்றையும் அன்றாடம் ஓட்டி வந்தால், காட்டில் விழ வேண்டிய சாணம் எல்லாம் கட்டுத்தரையில் சேரும், பிறகு அதை அள்ளிக் காட்டுக்குக் கொண்டு போக ஆள் தேட வேண்டியிருக்கும்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

கேள்வியாளருக்கும் கன்னிவாடி நண்பருக்கும் வணக்கம். மாட்டின் உடல்நலம் சார்ந்த செய்திகளை மட்டும் நான் சேர்க்கிறேன்.

முந்நூறு முதல் முந்நூற்று ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு காங்கேயம் பசு, உலர்ந்த எடைக் கணக்கில் நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு கிலோ வரை தின்னும். கோடையில் கொறங்காட்டுப் புல்லிலிருந்து அதில் எவ்வளவு கிடைக்கும் என்பது உங்கள் காட்டைப் பொறுத்தது. பாதிக்கு மேல் கையிலிருந்து போட வேண்டியிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வயிறு நிரம்புவதால் மட்டும் மாடு தேறிவிடாது. இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் நாரைச் செரிக்க வேண்டுமானால் தீவனத்தில் ஏழு விழுக்காடு அளவுக்காவது புரதம் இருக்க வேண்டும். வைக்கோலிலும் முற்றிய சோளத்தட்டிலும் இருப்பது மூன்று முதல் ஐந்து விழுக்காடுதான். எனவே தட்டுடன் கடலைக்கொடி கலந்து போடுவதும், நாளொன்றுக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை கடலைப் புண்ணாக்கு தருவதும், தாது உப்புக் கலவை வைப்பதும் செலவாகத் தெரிந்தாலும், தின்னும் வைக்கோல் உடம்பில் ஒட்டுவதற்கு அவையே வழி. நூறு கிலோ வைக்கோலுக்கு நான்கு கிலோ யூரியாவை ஐம்பது லிட்டர் அளவு தண்ணீரில் நன்றாகக் கரைத்துச் சீராகத் தெளித்து, காற்றுப் புகாமல் இருபத்தொரு நாள் மூடி வைத்துப் பதப்படுத்தினாலும் பலன் உண்டு. திறந்தவுடன் போடாமல் சிறிது நேரம் ஆறவிட்டு, நெடி குறைந்த பிறகு தர வேண்டும். ஆறு மாதத்திற்கு உட்பட்ட கன்றுகளுக்கு இதைத் தரவே கூடாது.

வளையத் தொட்டியைப் பற்றி என் கருத்தைத் தெளிவாகவே சொல்கிறேன். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பெரிய உருளைக் கட்டுகளை வைத்து நான்கு வகைத் தொட்டிகளை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2003-இல் வெளியானது. கூம்பு வடிவத் தொட்டியில் 3.5 விழுக்காடும், வளையத் தொட்டியில் 6.1 விழுக்காடும், வண்டித் தொட்டியில் 11.4 விழுக்காடும், தொட்டில் வடிவத் தொட்டியில் 14.6 விழுக்காடும் தீவனம் வீணானதாக அதில் கண்டார்கள். தலையை உள்ளே விட்ட மாடு அங்கேயே நின்று நிதானமாகத் தின்னும் அமைப்பில் சேதாரம் குறைகிறது என்பதும், ஒன்றையொன்று முட்டித் தள்ளி அடிக்கடி தலையை வெளியே இழுக்க நேரும் அமைப்பில் வாயில் இருப்பதெல்லாம் காலடியில் விழுகிறது என்பதும் அதிலிருந்து விளங்குகிறது. ஆகவே தொட்டியில் போட்டால் மிச்சமாகும் என்று வியாபாரி சொன்னதில் தவறில்லை. ஆனால் காங்கேயம் மாட்டுக்குக் கொம்பு இருக்கிறது. பக்கவாட்டில் விரிந்து பின்னோக்கி வளைந்த கொம்புள்ள பசு, வளையத்தின் கம்பிகளுக்கிடையே தலையைச் சாய்த்து நுழைத்துவிடும். மிரண்டு பின்வாங்கும்போது நேராகத்தான் இழுக்கும், அப்போது கொம்பின் அடிப்பகுதி கம்பியில் மாட்டிக்கொள்ளும். அந்த நிலையில் பக்கத்து மாடு விலாவில் முட்டினால் கொம்பு முறிவதும் கழுத்துப் பிசகுவதும் நடக்கக் கூடியவை. கொம்புள்ள மாட்டுக்கு அந்தத் தொட்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மாறாக, மரக் கழிகளால் இருபக்கமும் நின்று தின்னும்படியான சட்டம் ஒன்றை உங்கள் ஊர்த் தச்சரே செய்து தருவார். கழிக்கும் கழிக்கும் ஆறு அங்குல இடைவெளி இருந்தால் வாய் மட்டும் போகும், தலை போகாது. வைக்கோலை இழுத்துத் தின்னும்போது உதிர்வதைத் தாங்கக் கீழே இரண்டடி உயரத்தில் பலகைத் தட்டு அமைக்க வேண்டும். கொம்புள்ள மாடு ஒன்றுக்கு மூன்றடி இடம் வேண்டும் என்று கணக்கிட்டால், பத்து மாடுகளுக்குப் பக்கத்திற்குப் பதினைந்தடி நீளம் தேவைப்படும். ஏழரை அடியில் இரண்டாகச் செய்து அடியில் சறுக்குக் கட்டை பொருத்தினால், மாட்டை விட்டே இழுத்து இடம் மாற்றலாம். இரண்டையும் தள்ளித் தள்ளி வைத்தால் அந்த மூத்த பசுவின் அதிகாரமும் ஒரு சட்டத்தோடு முடிந்துவிடும்.

தண்டை ஒதுக்குவது பற்றி எழுதியிருந்தீர்கள். தட்டை முழுதாகப் போட்டால் எந்த மாடும் இலையைத்தான் முதலில் தேடும். வெட்டிப் போட்டால் தண்டும் சேர்ந்து உள்ளே போகும் என்பது உண்மை. ஆனால் வெட்டிய தட்டைத் தரையில் போடக் கூடாது. மண்ணோடு சேர்த்து நக்கித் தின்னும் மாட்டின் வயிற்றில் மணல் சேரும். வெட்டினால் காடி, முழுதாக என்றால் தரை அல்லது சட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உருளைக் கட்டுகளைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கயிற்றை அறுத்து உருவி எடுத்து, எண்ணி, ஒரு சாக்கில் போட்டுக் காட்டுக்கு வெளியே கொண்டு போய்விடுங்கள். வயிற்றில் போன கயிறு செரிப்பதும் இல்லை, வெளியேறுவதும் இல்லை, பந்தாகத் திரண்டு இரைப்பையை அடைக்கும். அறுவடைக் களத்தில் கட்டோடு சேர்ந்து வந்த கம்பித் துண்டோ ஆணியோ இரைப்பைச் சுவரைத் துளைத்து இதய உறைவரை போனதை நான் அறுவைசிகிச்சை மேசையில் பலமுறை பார்த்திருக்கிறேன். கட்டைப் பிரித்து உதறிப் போடும் பழக்கம் இதற்காகவும் வேண்டும். பூஞ்சணம் பிடித்த நடுப்பகுதியும் உதறும்போதுதான் கண்ணில் படும். அதைக் காய வைத்துப் போட்டுவிடலாம் என்று எண்ண வேண்டாம், பூஞ்சணத்தின் நச்சு காய்ந்தாலும் போகாது.

சோளத்தைப் பற்றி ஒரு சொல். மழையில்லாமல் பூப்பதற்கு முன்பே வாடிய சோளப் பயிரையும், அறுத்த தூரில் துளிர்த்த குருத்தையும் பச்சையாக மாட்டுக்குத் தரக் கூடாது, அவற்றில் சயனைடு நச்சு மிகுந்திருக்கும். நன்றாகக் காய வைத்தால் அது பெருமளவு குறைந்துவிடும் என்பதால், தீவனப் போரில் ஏற்றுமுன் தட்டு முழுவதும் காய்ந்திருக்கிறதா என்று தண்டின் கணுவை ஒடித்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

மேய்ச்சல் நில ஆர்வலர், கரூர்

மேலே இருவரும் எழுதியவை மாட்டை நடுவில் வைத்துச் சொன்னவை. நிலத்தை நடுவில் வைத்துப் பார்த்தால் இந்தக் கேள்விக்கு இன்னொரு விடை கிடைக்கிறது. என் மனத்தில் அதுவே முதலில் நிற்கிறது.

வைக்கோல் டன் ஒன்றில் ஐந்து முதல் எட்டுக் கிலோ வரை தழைச்சத்தும் (நைட்ரஜன்), பன்னிரண்டு முதல் பதினேழு கிலோ வரை சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) இருக்கின்றன. பத்து உருப்படிகளுக்கு நாளொன்றுக்கு ஐந்து கிலோ வீதம் நான்கு மாதம் போட்டால் ஆறு டன் ஆகிறது. அப்படியானால் காவிரிப் படுகையின் ஏதோ ஒரு வயலிலிருந்து முப்பது கிலோவுக்குக் குறையாத தழைச்சத்தையும், எழுபது கிலோவுக்கு மேற்பட்ட சாம்பல் சத்தையும் நீங்கள் விலை கொடுத்து மூலனூருக்குக் கொண்டு வருகிறீர்கள் என்று பொருள். வளர்ந்த மாடு தான் தின்ற சத்துகளில் பெரும்பகுதியைச் சாணமாகவும் மூத்திரமாகவும் திருப்பித் தந்துவிடுகிறது. சாம்பல் சத்து பெரும்பாலும் மூத்திரத்தில்தான் போகிறது, அதை யாராலும் அள்ளிக் கொண்டு போய் வேறிடத்தில் போட முடியாது. ஆகவே மாடு எங்கே நின்று தின்கிறதோ அந்த நிலமே உரம் பெறுகிறது. உங்கள் எட்டு ஏக்கருக்கும் சேர வேண்டிய அந்த உரம் முழுவதும் ஒரு வெள்வேல மரத்தடியில் கால் காணியில் கொட்டிக் கிடக்கிறது. அங்கே புல் முளைக்க விடாமல் குளம்புகள் மிதித்துக்கொண்டே இருப்பதால் அந்த உரம் யாருக்கும் பயன்படுவதும் இல்லை.

ஆட்டுப்பட்டியை இடம் மாற்றி மாற்றிப் போட்டு நிலத்தை வளப்படுத்தும் வழக்கம் நம் முன்னோர்களுடையது. தீவனம் போடும் இடத்தை நாள்தோறும் மாற்றுவதும் அதே வேலையைத்தான் செய்கிறது. மேலும், கையால் சுமக்கும் நமக்கு எந்தப் பகுதிக்கு உரம் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வசதியும் இருக்கிறது. புல் மெலிந்த மேட்டுப் பகுதி, சுக்கான் கல் தெரியும் பகுதி ஆகியவற்றில் தொடங்கி வரிசையை நகர்த்திக்கொண்டே போங்கள். தண்ணீர்த் தொட்டிக்கும் படலுக்கும் அருகில் மாடுகள் எப்படியும் கூடி நிற்கும், அங்கே போட வேண்டிய தேவை இல்லை.

கனடாவின் சஸ்காட்செவன் போன்ற மாகாணங்களில் உருளைக் கட்டுகளை இலையுதிர் காலத்திலேயே மேய்ச்சல் நிலம் முழுவதும் இடைவெளி விட்டு வைத்துவிட்டு, மின்வேலியை நகர்த்தி நகர்த்திப் பனிக்காலம் முழுவதும் மாடுகளை அங்கேயே தின்ன விடுகிறார்கள். அவர்கள் நோக்கமும் உரம் நிலத்திலேயே விழ வேண்டும் என்பதுதான். அதை இணையத்தில் பார்த்துவிட்டு இங்கே அப்படியே செய்ய முனைபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே உறைபனியில் கட்டு கெடாமல் நிற்கும். நம் கொறங்காட்டில் தரையைத் தொட்டபடி ஒரு கட்டு சில வாரம் கிடந்தால் அடிப்பக்கம் கறையான் ஏறிவிடும். புரட்டிப் பார்த்தால் வைக்கோல் இருந்த இடத்தில் வைக்கோல் வடிவத்தில் மண்தான் இருக்கும். எனவே சேமிப்பு கல்லின் மேல் கட்டிய போரில்தான் இருக்க வேண்டும், காட்டுக்குப் போவது அன்றைக்குத் தேவையானது மட்டுமே.

மூலனூர் விவசாயி

மூவருக்கும் நன்றி. மரச் சட்டம் செய்யத் தச்சரிடம் பேசிவிட்டேன். இரண்டு ஐயங்கள் மட்டும் இருக்கின்றன. வெளியிலிருந்து வரும் தட்டில் பார்த்தீனிய விதை சேர்ந்து வருமே, அதைக் காடு முழுவதும் பரப்பிப் போட்டால் எட்டு ஏக்கரிலும் களை முளைத்துவிடாதா? இன்னொன்று, முதல் மழை பெய்த பிறகு தட்டுப் போடுவதை எப்போது நிறுத்த வேண்டும்?

மேய்ச்சல் நில ஆர்வலர், கரூர்

முதல் ஐயம் மிகவும் நியாயமானது. வாங்கும் முன் போரைச் சுற்றிப் பாருங்கள். சோளக்காட்டில் பார்த்தீனியம் நின்றிருந்தால் அதன் காய்ந்த செடியும் கத்தைக்குள் கட்டாயம் இருக்கும். அப்படிப்பட்ட தட்டை வாங்காமல் விடுவதே நல்லது. வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் அந்தச் சுமையை மட்டும் பரப்பாமல், ஏற்கெனவே கட்டாந்தரையான அந்த மரத்தடியிலேயே போட்டுத் தீருங்கள். மழைக்குப் பிறகு முளைப்பவை ஒரே இடத்தில் இருந்தால் பூக்கும் முன் பிடுங்கிவிடலாம். உங்கள் காட்டிலேயே அறுத்துக் காய வைத்த கொழுக்கட்டைப் புல் இருந்தால், அதற்கு இதற்கு நேர்மாறான முறை பொருந்தும். பூக்கும் பருவத்தில் அறுத்ததைத் தீவனமாக வைத்துக்கொண்டு, விதை முற்றிய புல்லில் ஒரு பகுதியை மட்டும் மழைக்கு முன்பாகப் புல் மெலிந்த இடங்களில் பரப்பிப் போட்டால், மாடு தின்றது போக உதிரும் விதை குளம்பு மிதியில் மண்ணுக்குள் இறங்கி முளைக்கும். சீமைக்கருவேலங்காயைத் தின்ற மாடுகளின் சாணத்திலும் விதை முளைக்கும் என்பதால், வேலிக்கு வெளியே மேயவிட்டால் அதையும் கவனியுங்கள்.

இரண்டாவது ஐயத்தில்தான் பெரும்பாலானோர் அவசரப்படுகிறார்கள். மழை பெய்து பத்து நாளில் காடு பச்சையாகத் தெரிந்தவுடன் போரை மூடிவிட்டு மாடுகளைத் திறந்துவிடுகிறார்கள். அந்தப் பச்சை, தூரில் சேமித்து வைத்திருந்த சத்தைச் செலவழித்துப் புல் விட்ட குருத்து. அதைக் கடித்துவிட்டால் தூருக்கு மீண்டும் துளிர்க்க வலுவில்லாமல் போகும், இரண்டு மூன்று ஆண்டு இப்படி நடந்தால் கொழுக்கட்டைப் புல் போய்த் துத்தியும் ஆவாரையும் வந்துவிடும். வைக்கோலுக்குச் செலவிடும் பணத்தில் மிகுந்த பயன் தருவது கோடையில் போடுவதைக் காட்டிலும் மழைக்குப் பிந்தைய இந்த ஐந்தாறு வாரத்தில் போடுவதுதான் என்பது என் உறுதியான எண்ணம். போரில் அந்தக் காலத்துக்கென்று முன்பே ஒதுக்கி வைத்துவிடுங்கள். மூன்று தடுப்புகளில் ஒன்றை, ஆண்டுக்கு ஒன்றாக மாற்றி, மாடுகள் நிற்பதற்கென்று விட்டுவிட்டு, அங்கேயே சட்டத்தில் தீவனம் போட்டு, மற்ற இரண்டையும் பூட்டி வைத்தால், பூட்டிய இரண்டும் மாசி தாண்டியும் தாங்கும்.

கன்னிவாடி மாட்டுக்காரர்

கரூர் நண்பர் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். அந்த ஐந்தாறு வாரமும் தரையில் வரிசை போட வேண்டாம் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈர மண்ணில் விழுந்த வைக்கோலை ஒரு மாடும் தொடாது, மிதிபட்டது மறுநாளே நாறத் தொடங்கும். சட்டத்தைச் சற்று மேடான, தண்ணீர் வடியும் இடமாகப் பார்த்து வைத்து, வாரம் இருமுறையாவது இழுத்து நகர்த்துங்கள். மழைக்காலத்துக்கு ஒதுக்கும் போரின் தலையில் பனையோலை வேய்ந்து, சுற்றிலும் வாய்க்கால் எடுத்துவிடுவதைப் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள், தம்பி. தச்சரிடம் சட்டத்துக்குக் கிளுவைக் கழி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அது தளிர்க்கும், வலுவிருக்காது. வேலமரக் கழியே போடச் சொல்லுங்கள், மாடு உரசும் பக்கத்தில் முடிச்சுகளை இழைத்து எடுக்கவும் சொல்லுங்கள்.